சுண்டெலி சுற்றுவது மூளையாலா, கண்ணாலா?

வாசகர் எழுதியது, 9 நவம்பர் 2024

நான் கடலூர் முதுநகர்ப் பக்கம் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்கிறவன். பதினொன்றாவது படிக்கும் என் மகள் ஒரு வீடியோ காட்டினாள். எலியின் மண்டையில் நம்ம பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள சின்ன ஃபைபர் வயர்) மாதிரியே ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். நீல லைட் எரிந்தால் எலி இடப்பக்கமாகச் சுற்றுகிறது, அணைத்தால் நிற்கிறது. மூளைக்குள் வெளிச்சம் பாய்ச்சி எலியை ஓட்டுகிறார்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை. தலைக்கு மேல் பளிச்சென்று லைட் எரிந்தால் எந்த எலியும் மிரண்டு சுற்றத்தான் செய்யும். இது மூளை வேலை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

9 நவம்பர், இரவு 10.50

வீடியோவில் காட்டுகிற இந்த ஆய்வு வேலையை ஆறு வருடம் செய்தவள் நான். இப்போது புதுச்சேரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். அதற்கு முன் வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் சுண்டெலிகளோடுதான் பொழுது போனது. வீடியோவில் இருப்பதும் அநேகமாகச் சுண்டெலியாகத்தான் இருக்கும். 25 கிராம் எடை, கிட்டத்தட்ட அரை கிராம் மூளை.

அண்ணா, உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம். அதே இடத்தில் நான் நான்கு மாதத்தைத் தொலைத்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் வீடியோவில் என்ன நடப்பதாகச் சொல்கிறார்கள் என்பது.

மூளைச் செல்லுக்கு வெளிச்சம் தெரியாது. மண்டைக்குள் இருட்டிலேயே வாழ்கிற செல் அது. அதற்கு வெளிச்சம் தெரியவைக்க ஒரு குளத்துப் பாசியிடம் கடன் வாங்கினார்கள். கிளாமிடோமோனாஸ் என்று பெயர். தாவரவியல் படித்தவர்கள் படம் வரைந்திருப்பார்கள்: ஒரே செல், இரண்டு கசையிழை, ஓரத்தில் ஒரு கண்புள்ளி. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து நீந்தும். அந்தக் கண்புள்ளிப் பக்கம் சேனல்ரோடாப்சின் என்ற புரதம் இருக்கிறது. நீல ஒளி பட்டவுடன் கதவு மாதிரித் திறந்து, நேர் மின்னூட்டம் கொண்ட அயனிகளை உள்ளே விடும். ஜெர்மனியில் ஹெகெமன், நாகெல், பாம்பெர்க் ஆகியோர் 2002லும் 2003லும் இதை வெளியிட்டார்கள். 2005ல் அமெரிக்காவில் பாய்டன், டைசராத் குழுவினர் அந்தப் பாசியின் ஜீனை நரம்புச் செல்லுக்குள் வைத்து, நீல ஒளியைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் செல் ஒரு முறை துடிப்பதைக் காட்டினார்கள். மில்லிநொடிக் கணக்கில்.

ஜீனைக் கொண்டுபோவது ஒரு வைரஸ். நோய் தராதபடி மாற்றியது. அரை மைக்ரோலிட்டர் அளவு, குறிப்பிட்ட இடத்தில் மட்டும். அப்புறம் மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், செல் அந்தப் புரதத்தைச் செய்து தன் மேற்சவ்வில் அடுக்குவதற்கு. எந்த வகைச் செல் செய்யலாம், எது செய்யக்கூடாது என்று ஜீன் பூட்டும் போட முடியும். மின்முனை வைத்துக் கரண்ட் கொடுத்தால் பக்கத்தில் இருக்கிற எல்லாச் செல்லும் துடிக்கும். ஒளியில் பாசிப் புரதம் உள்ள செல் மட்டும்தான். இந்த முறையின் பெருமையே அதுதான். 1979லேயே ஃபிரான்சிஸ் கிரிக், ஒரு வகைச் செல்லை மட்டும் இயக்கிப் பார்க்க வழி வேண்டும் என்று எழுதினார். 1999ல் அதற்கு ஒளியே பொருத்தமாக இருக்கும் என்றார்.

வலப்பக்க இயக்கப் புறணியை, அதாவது உடம்பை அசைக்கிற மூளைப் பகுதியை, தூண்டினால் உடம்பு இடப்பக்கம் திரும்பும். வீடியோவில் தெரிவது அது.

10 நவம்பர்

உங்கள் தொழிலோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், கிட்டத்தட்ட அதே சாமான்கள்தான்.

நீங்கள் வீட்டுக்கு இழுக்கிற ஃபைபரின் உள்கரு 9 மைக்ரான், மேலுறை 125. எங்களுடையது பெரும்பாலும் 200 மைக்ரான் உள்கரு. உங்கள் ஒளி 1310, 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. எங்களுடையது 470, நல்ல நீலம். உங்கள் எல்சி கனெக்டரில் ஃபைபர் முனையைப் பிடித்திருக்கும் அதே 1.25 மில்லிமீட்டர் வெள்ளைச் செராமிக் குழலை, ஃபெரூலை, எடுத்து, அதில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஃபைபர் துண்டை ஒட்டி, முனையைத் தேய்த்து, அந்தத் துண்டை மூளைக்குள் இறக்குவோம். ஃபெரூல் மண்டையோட்டுக்கு மேலே நிற்கும். பல் வைத்தியர் பயன்படுத்தும் சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுவோம். பிறகு ஒவ்வொரு நாளும் பேட்ச் கார்டைப் பிளவுள்ள செராமிக் ஸ்லீவ் வழியாக அதோடு சேர்ப்போம். சுண்டெலி சுற்றும்போது கயிறு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க மேலே ஒரு சுழலும் ஜாயிண்ட்.

முனை தேய்ப்பதற்கு நான் கற்றுக்கொண்ட விதம்: தேய்ப்புத் தாளில் எட்டு போட்டுக்கொண்டே இருப்பது. முரட்டுத் தாளிலிருந்து மென்மையான தாளுக்கு. ஒரு துண்டுக்கு இருபது நிமிஷம். கீறல் இருந்தால் வெளிச்சம் பாதிகூட வராது. நான் செய்ததில் மூன்றில் ஒன்றைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

12 நவம்பர், அதிகாலை

சரி, அந்த நான்கு மாதம்.

இரண்டு அறை உள்ள பெட்டி, நடுவில் வாசல். சுண்டெலி இடது அறைக்குப் போனால் கணினி நீல ஒளியைப் போடும், வெளியே வந்தால் அணைக்கும். தூண்டப்படும் செல் அதற்குப் பிடித்தமானதைச் சொல்கிறதா, வேண்டாததைச் சொல்கிறதா என்று பார்ப்பதற்கு. என் சுண்டெலிகள் அந்த அறையை விட்டு விலகின. எட்டில் ஏழு. அழகான வரைபடம் வந்தது. அறிக்கைகூட எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பாசிப் புரதம் இல்லாமல் வெறும் நிறப் புரதம் மட்டும் கொடுத்த சுண்டெலிகளுக்கும் இதே சோதனையைச் செய்யவேண்டும். ஒப்பீட்டுக் குழு. நான் அவற்றைக் கடைசியில் வைத்திருந்தேன். அவையும் விலகின. எட்டில் ஆறு.

முதலில் வைரஸ் குப்பிகள் மாறிவிட்டன என்று நினைத்தேன். இரண்டு வாரம் அதைத் துருவினேன். குப்பிகளில் தவறில்லை. ஒரு நாள் இரவு அறை விளக்கை முழுக்க அணைத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சுண்டெலி இடது அறைக்குள் நுழைந்தது. தலைக்கு மேலே அந்த வெள்ளை ஸ்லீவ் முழுதும் நீலமாக எரிந்தது, கார்த்திகை அகல் மாதிரி. பெட்டியின் சுவரில்கூட நீலம் விழுந்தது. ஃபெரூலும் ஸ்லீவும் வெள்ளைச் செராமிக். ஜாயிண்டில் கசிகிற ஒளியை அது அப்படியே வெளியே பரப்பும். அறை விளக்கு எரியும்போது என் கண்ணுக்கு அது படவே இல்லை. சுண்டெலி இருட்டில் நடமாடுகிற ஜீவன், நீலம் அதற்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் வீடியோ பார்த்த ஐந்து நிமிஷத்தில் கேட்ட கேள்வியை நான் கேட்க நான்கு மாதம் ஆனது. மேற்பார்வையாளரும் கேட்கவில்லை, பக்கத்து மேசைக்காரர்களும் கேட்கவில்லை. எல்லோரும் கணினித் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் செய்தது: சிமெண்டில் கரித்தூள் கலந்து கறுப்பாக்கினேன். ஸ்லீவுக்கு மேல், சூடு காட்டினால் சுருங்கி இறுக்கும் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய். பெட்டிக்கு மேலே எப்போதும் மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு நீல விளக்கு, கசிவு இருந்தாலும் அதில் கரைந்துபோகட்டும் என்று. ஒப்பீட்டுக் குழுவை முதல் நாளிலிருந்தே கலந்து ஓட்டினேன், எது எந்தக் குழு என்று எனக்கே தெரியாதபடி. மறுபடி செய்தபோது ஒப்பீட்டுச் சுண்டெலிகள் இரண்டு அறையிலும் சமமாக இருந்தன. பாசிப் புரதம் உள்ளவை கொஞ்சம் விலகின, முன்பு விலகியதில் பாதி அளவுகூட இல்லை.

12 நவம்பர், மதியம்

"ஹீட் ஷ்ரிங்க் நாங்களும் ஸ்ப்ளைஸ் (ஃபைபர் ஒட்டு) மேல் போடுவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடைச் சரக்குதான். கறுப்பாக இருக்கவேண்டும், அவ்வளவே.

14 நவம்பர்

இன்னொருவர் கேட்டது: அந்த ஜீவனுக்கு வலிக்காதா?

மூளைத் திசுவில் வலி உணரும் நரம்பு முனைகள் கிடையாது. தோலிலும் எலும்பைச் சுற்றிய சவ்விலும் உண்டு. அதனால் அறுவை முழு மயக்கத்தில் நடக்கும், வலி மருந்து அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுக்கவேண்டும். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு குழு இதையெல்லாம் கண்காணிக்கிறது. நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு உண்டு. எத்தனை சுண்டெலி, எதற்கு, ஏன் அதைவிடக் குறைவாக முடியாது என்று எழுதி ஒப்புதல் வாங்காமல் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது.

அறுவைக்குப் பிறகு ஒரு வாரம் தினமும் எடை பார்ப்பேன். எடை இறங்கினால் வலி. முதுகைக் கூனி, ரோமம் சிலிர்த்து மூலையில் உட்கார்ந்தால் வலி. பஞ்சைக் கிழித்துக் கூடு கட்டியிருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். காலையில் போனதும் முதலில் கூட்டைத்தான் பார்ப்பேன்.

கடைசியில் அவற்றை மயக்கத்திலேயே கொல்கிறோம். ஃபைபர் முனை உண்மையில் எங்கே நின்றது என்று மூளையைச் சீவிப் பார்த்தால்தான் தெரியும். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. முதல் முறை செய்த அன்று நான் சாப்பிடவில்லை. முனை தப்பான இடத்தில் நின்ற சுண்டெலியின் கணக்கு ஆய்விலிருந்து நீக்கப்படும். அப்படி நீக்கும்போது ஏற்படுகிற கனம் வேறு. ஒரு உயிரை வீணாக்கினோம் என்று தெரியும். முனை தேய்ப்பதில் இருபது நிமிஷம் செலவழிக்க அதுவும் ஒரு காரணம்.

16 நவம்பர்

இதுவரை எழுதியது செல்லைத் தள்ளுவது. செல்லைப் படிப்பது இன்னொரு பாதி. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது.

நரம்புச் செல் துடிக்கும்போது கால்சியம் உள்ளே புகும். கால்சியம் ஒட்டினால் பிரகாசமாகும் ஒரு புரதத்தை முன்கூட்டியே செல்லில் வைத்துவிட்டால், துடிப்பு பச்சை ஒளியாகத் தெரியும். புரதத்தின் பெயர் ஜிகேம்ப். ஜப்பானில் நகாய் குழு 2001ல் முதல் வடிவத்தைச் செய்தது. 2013ல் வந்த ஆறாம் வடிவம்தான் ஊரெல்லாம் பரவியது. பச்சை நிறத்தைத் தரும் பகுதி ஒரு ஜெல்லி மீனிடமிருந்து வந்தது.

அதே ஃபைபர் வழியாக மங்கலான நீலத்தை உள்ளே அனுப்பி, அதே ஃபைபர் வழியாகத் திரும்பி வரும் பச்சையை அளப்பது ஃபைபர் ஃபோட்டோமெட்ரி. உங்கள் ஃபைபரில் ஒரே இழையில் போவதும் வருவதும் வேறு வேறு அலைநீளத்தில் நடக்கிற மாதிரிதான். சுண்டெலி ஓடும், தின்னும், இன்னொரு சுண்டெலியை முகரும், நாம் வெளியே உட்கார்ந்து கோடு ஏறி இறங்குவதைப் பார்க்கலாம்.

நான் தேவனாம்பட்டினத்தில் வளர்ந்தவள். சின்ன வயதில் சில இரவு அலை உடையும் இடமெல்லாம் நீலமாக மினுங்கும். காலை வைத்தால் காலடியைச் சுற்றி மினுங்கும். அந்த ஜெல்லி மீன் ஒளியும் இதுவும் ஒன்றுதான். ஆய்வகத்தில் முதல் கோடு திரையில் எழும்பியபோது எனக்கு அந்தக் கடற்கரைதான் ஞாபகம் வந்தது.

17 நவம்பர்

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தி தவறு. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

நம் கரையில் மினுங்குவது பெரும்பாலும் நாக்டிலூகா மாதிரியான ஒருசெல் உயிரிகள். அலை அடித்துக் குலுக்கினால் தனக்குள் இருக்கும் ரசாயனத்தை எரித்துத் தானே ஒளி விடும். வெளியிலிருந்து ஒளி தேவையில்லை. ஜிகேம்பில் இருக்கும் பச்சைப் புரதம் தானாக ஒளி விடாது. நாம் நீலம் கொடுத்தால்தான் பச்சையைத் திருப்பித் தரும்.

ஆனால் அந்த ஜெல்லி மீனில் இரண்டும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒசாமு ஷிமோமுரா 1961ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் அந்த ஜெல்லி மீன்களைப் பிடித்துச் சாறெடுத்துக்கொண்டிருந்தார். ஒளி விடும் பொருளைப் பிரிக்கமுடியாமல் ஒரு நாள் சாற்றைத் தொட்டியில் கொட்டினார். தொட்டி பளீரென்று நீலமாக எரிந்தது. அங்கே கடல்நீர் வடிந்துகொண்டிருந்தது. கடல்நீரில் இருந்த கால்சியம்தான் காரணம் என்று பிடித்துவிட்டார். அந்தப் புரதம் ஈக்வோரின். கால்சியம் பட்டால் நீல ஒளி விடும், அதை வாங்கிப் பச்சையாக மாற்றுவது கூடவே இருக்கும் பச்சைப் புரதம். ஆகவே ஜெல்லி மீனே ஒரு கால்சியம் மானியைத் தன் உடம்பில் வைத்திருந்தது. 2008ல் ஷிமோமுராவுக்கும் சால்ஃபி, ட்சியென் ஆகியோருக்கும் பச்சைப் புரதத்துக்காக வேதியியல் நோபல்.

21 நவம்பர்

"கோடு ஏறினால் செல் துடித்தது என்று நம்பலாமா?" இதுதான் நேற்றைய கேள்வி. உடனே நம்பக்கூடாது.

ஃபைபரை நீங்கள் மடித்தால் லாஸ் ஏறும், அதாவது ஒளி வீணாகும் அல்லவா? சுண்டெலி தலையை உலுக்கினால் ஜாயிண்ட் ஒரு முடியளவு நகரும், பேட்ச் கார்டு வளையும், கோடும் அசையும். அதற்கு ஒரு உபாயம் உண்டு. 405 நானோமீட்டர் ஊதா ஒளியில் ஜிகேம்பின் பிரகாசம் கால்சியத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. 470ஐயும் 405ஐயும் மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டு கோடு எடுப்போம். 470 மட்டும் ஏறினால் செல். இரண்டும் சேர்ந்து ஏறினால் ஆட்டம்.

எனக்கு ஒரு முறை, சுண்டெலி தானியம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அழகாக ஒரு மேடு வந்தது. 405 கோட்டையும் போட்டுப் பார்த்தேன், அதிலும் பாதி மேடு. பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டினேன். தானியக் கிண்ணம் மூலையில் இருந்தது, அது தலையைச் சாய்த்து நுழைக்கும்போது ஃபெரூல் சுவரில் உரசியது. கிண்ணத்தை நடுவுக்கு நகர்த்தினேன். மேடு சின்னதானது, ஆனால் மறையவில்லை. அந்தச் சின்ன மேட்டைத்தான் இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

இன்னொன்று. செல்லின் ஒரு துடிப்பு ஒரு மில்லிநொடி. ஜிகேம்ப் பிரகாசம் தணிய அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு நேரம் ஆகும். அதோடு ஒரு ஃபைபர் நூற்றுக்கணக்கான செல்களின் ஒளியை ஒட்டுமொத்தமாக வாங்குகிறது. பெரிய மார்க்கெட்டுக்கு வெளியே நேரு வீதியில் நின்று இரைச்சலைக் கேட்பது மாதிரி. கூட்டம் கூடியதா குறைந்ததா என்று சொல்லலாம், மீன் விற்கிற அம்மாள் யாரிடம் என்ன விலை சொன்னார் என்று சொல்லமுடியாது. ஒவ்வொரு செல்லாகப் பார்க்க வேறு கருவிகள் உண்டு. 2011ல் 2 கிராமுக்கும் குறைவான ஒரு நுண்ணோக்கியைச் சுண்டெலித் தலையில் சுமக்கவைத்தார்கள். அதற்கு முன் 2007லேயே, தலையை மட்டும் அசையாமல் பிடித்துக் கால்களைக் காற்றில் மிதக்கும் ஒரு பந்தின் மேல் ஓடவிட்டு, இரண்டு ஃபோட்டான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். என்னிடம் இருந்தது ஃபைபர் மட்டும்.

24 நவம்பர்

மகள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்: ஒரே செல்லை ஒரே நேரத்தில் தள்ளவும் படிக்கவும் முடியாதா? சொல்லுங்கள் அவளிடம், இது இந்தத் துறையில் பல பேரின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

படிப்பதற்கு நீலம் வேண்டும். தள்ளுவதற்கும் பாசிப் புரதத்துக்கு நீலமே வேண்டும். படிக்கப் போனால் தள்ளிவிடுவோம். ஆகவே சிவப்பு ஒளியில் திறக்கிற வகை தேடினார்கள். 2014ல் வெளிவந்த கிரிம்சன் அப்படி ஒன்று, அதுவும் பாசியினுடையதே. ஆனால் உங்கள் 1310ம் 1490ம் போலச் சுத்தமாகப் பிரிவதில்லை. சிவப்பில் திறக்கும் கதவு நீலத்திலும் கொஞ்சம் திறக்கும். நீலத்தை மிக மங்கலாக வைத்துத்தான் சமாளிக்கவேண்டும். மங்கலாக வைத்தால் கோட்டில் இரைச்சல் கூடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடித்து நிற்பதுதான் வேலை.

5 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் போன பிறகு இன்றுதான் எழுத முடிகிறது. லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, முழங்கால் தண்ணீர். உங்கள் பக்கம் பெண்ணையாற்று வெள்ளம் வேறு. அறுந்த ஃபைபரை ஒட்டவே இந்த மாதம் போய்விடும் உங்களுக்கு.

இருட்டில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுக் குழந்தைகள் டார்ச்சை விரலுக்கு அடியில் வைத்து விளையாடினார்கள். விரல் சிவப்பாக ஒளிர்ந்தது. டார்ச் வெள்ளை, வெளியே வருவது சிவப்பு. ரத்தம் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடுகிறது, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. மூளையிலும் அதே கதை. ஃபைபர் முனையிலிருந்து வருகிற நீலம் ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் பெருமளவு தேய்ந்துவிடும். சிவப்பு இன்னும் ஆழம் போகும். கிரிம்சனைத் தேடியதற்கு இதுவும் காரணம்.

விழுங்கிய ஒளி எங்கே போகிறது? சூடாகிறது. இதை 9ஆம் தேதியே எழுதியிருக்கவேண்டும். உங்கள் முதல் கேள்விக்கு மூன்றாவது பதில் இங்கேதான் இருக்கிறது. 2019ல் ஓவன், லியு, கிரைட்சர் என்ற மூவர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பாசிப் புரதம் எதுவுமே இல்லாத சாதாரணச் சுண்டெலியின் மூளைக்குள் ஒளி விட்டார்கள். எல்லோரும் வழக்கமாகப் பயன்படுத்துகிற அளவு ஒளியே திசுவை 2 டிகிரி வரை சூடாக்கியது. சில செல்களின் துடிப்பு அந்தச் சூட்டாலேயே அடங்கியது. ஒரு பக்கம் மட்டும் ஒளி விட்டபோது சுண்டெலியின் நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுற்றியது.

ஆக நீங்கள் பார்த்த வீடியோவில் மூன்று சாத்தியம். பாசிக் கதவு திறந்து செல் துடித்திருக்கலாம். கசிந்த வெளிச்சத்தைக் கண் பார்த்திருக்கலாம். ஒளியின் சூடு செல்லின் போக்கை மாற்றியிருக்கலாம். கறுப்புக் குழாய் கண்ணை மட்டும்தான் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. பாசிப் புரதம் இல்லாத சுண்டெலிக்கு அதே ஃபைபர், அதே மில்லிவாட், அதே நேரம் கொடுத்துப் பார்த்தால் இரண்டும் பிடிபடும். என்னுடைய பழைய சோதனையில் ஒப்பீட்டுச் சுண்டெலிகள் விலகியது முழுக்கக் கண்ணால்தான் என்று 12ஆம் தேதி எழுதினேன். கறுப்பாக்கிய பிறகு அவை விலகவில்லை என்பதால் இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பாசிப் புரதம் உள்ளவற்றின் கணக்கில் சூட்டுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். ஒளியைப் பாதியாகக் குறைத்து ஒரு தடவை ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் ஓட்டவில்லை.

7 டிசம்பர்

"நாளைக்கு மனுஷனையும் இப்படி ஓட்டுவார்களா?" என்று வேறொருவர் பயந்து எழுதியிருக்கிறார்.

மண்டையைத் திறந்து, வைரஸ் ஏற்றி, வாரக்கணக்கில் காத்திருந்து, ஃபைபர் பொருத்தாமல் ஒன்றும் நடக்காது. தூரத்தில் நின்று டார்ச் அடித்து யாரையும் ஓட்டமுடியாது. மனிதர்களிடம் இது போன இடம் கண். 2021ல் வந்த செய்தி: விழித்திரை நோயால் பல வருடமாகப் பார்வை இழந்த 58 வயதுக்காரர் ஒருவர். அவர் கண்ணில் விழித்திரைச் செல்களுக்குக் கிரிம்சன் வகைப் புரதத்தின் ஜீனைக் கொடுத்தார்கள். காட்சியைச் செம்மஞ்சள் ஒளியாக மாற்றி வீசும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, மேசையில் இருக்கும் பொருளை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது, தொட முடிந்தது, எத்தனை என்று எண்ணவும் முடிந்தது. முகம் தெரியும் அளவுக்கு இல்லை. ஆனாலும் இருட்டிலிருந்து வந்தவருக்கு ஒரு டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்.

என் பாட்டி கடைசி ஆறு வருடம் பார்வையில்லாமல் இருந்தாள். காபி டம்ளரை நாங்கள் கையில் கொடுத்தால்தான் உண்டு. அந்தச் செய்தியைப் படித்தபோது அவளை நினைத்துக்கொண்டேன்.

10 டிசம்பர்

இன்னொரு தயக்கம், வெகு நாளாக மனதில் கிடப்பது.

நொடிக்கு இருபது தடவை ஒளியைத் தட்டினால் ஃபைபருக்குக் கீழே இருக்கிற செல் எல்லாம் ஒரே சமயத்தில் துடிக்கும். கரைவலை இழுக்கும்போது ஏலோ போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே மூச்சில் இழுப்பார்களே, அந்த மாதிரி. இயல்பாக மூளையில் அப்படி நடப்பதில்லை. ஒரு செல் முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று சும்மா இருக்கும். நான் தள்ளியபோது சுண்டெலி விலகியது என்றால், அந்தச் செல்களால் விலக வைக்க முடியும் என்று தெரிகிறது. அது தானாக விலகுகிற வேளையில் இந்தச் செல்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றனவா என்பது தனிக் கேள்வி. அதற்குப் படிக்கவேண்டும், அப்புறம் அந்தச் செல்களை அடக்கியும் பார்க்கவேண்டும். அடக்குவதற்கும் 2007ல் மஞ்சள் ஒளியில் வேலை செய்யும் ஒரு புரதம் கிடைத்தது, உப்பு ஏரியில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிடமிருந்து.

அதே வருடம் நடமாடும் சுண்டெலியில் ஃபைபர் வைத்துச் செய்த ஒரு தூக்க ஆய்வு எனக்கு இன்றும் முன்மாதிரி. விழிப்போடு தொடர்புடைய ஹைபோக்ரெடின் செல்களைத் தூண்டினால் தூங்கும் சுண்டெலி விழித்துக்கொள்ளும் வாய்ப்பு கூடியது. ஒவ்வொரு தடவையும் விழிக்கவில்லை. அவர்களும் வாய்ப்பு கூடியது என்றுதான் எழுதினார்கள். "ஒளி பட்டதும் விழித்தது" என்று எழுதியது பத்திரிகைகள்.

12 டிசம்பர்

அப்பாவும் மகளுமாக அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததாகவும், தலைக்கு மேலே ஜாயிண்டில் நீலம் கசிவது தெரிகிறது என்றும், ஒப்பீட்டுச் சுண்டெலியைக் கடைசிவரை காட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் போய்ப் பார்த்தேன். கசிவது உண்மை. அது விளக்கப் படம்தான், ஆய்வுக் கட்டுரையில் ஒப்பீட்டுக் குழு இருக்கும். ஆனாலும் அவளைக் கட்டுரையின் படங்களைத் தேடச் சொல்லுங்கள். வெறும் நிறப் புரதம் கொடுத்த சுண்டெலிகளின் கோடு எங்கே என்று முதலில் பார்க்கட்டும்.

என்னிடம் பழைய ஃபெரூல் துண்டுகள் ஆறு கிடக்கின்றன, மூளைக்குள் போகாதவை, நான் தேய்த்துக் கழித்தவை. உங்கள் பவர் மீட்டர் அகச்சிவப்புக்குச் செய்தது, நீலத்தைச் சரியாகப் படிக்காது. ஆனால் முனை பார்க்கிற ஃபைபர் ஸ்கோப் உங்களிடம் இருக்குமே, அது போதும். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வருகிறேன், கொண்டு வருகிறேன். கீறல் எப்படி இருக்கும் என்று அவள் கண்ணாலேயே பார்க்கட்டும். தேய்ப்புத் தாளும் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.